போர்க்களமும் நெற்களமும்: சோழர் விரிவாக்கத்தின் பொருட்கணக்கு

கணிப்பொறித் திரையில் பேரரசு நடத்தும் விளையாட்டுகளில் ஈடுபாடுடைய மாணவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம் சோற்றுக் கணக்கு. வாள்வீச்சு அதற்குப் பிறகுதான். 1999இல் வெளிவந்து இன்றளவும் ஆடப்பெற்றுவரும் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் ஆட்டத்தை அறிந்த அன்பர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அறியாதோர்க்காகச் சில வரிகள்.

உணவு, மரம், பொன், கல் என்று நான்கே செல்வங்கள். ஊர் நடுவே ஒரு மன்றம். அதிலிருந்து குடியானவர்கள் ஒருவர்பின் ஒருவராக வெளிவருவர். ஒருவரை உருவாக்க 50 அளவு உணவு செலவாகும். புதிதாக ஆடுபவர் படை புறப்பட்டதும் ஊரை மறந்துவிடுவார். எல்லையில் வெற்றி முழக்கம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே களஞ்சியம் வறண்டு போகும். அடுத்த படைவீரனுக்குக் கூலி இராது. தேர்ந்த ஆட்டக்காரரோ போரின் உச்சத்திலும் குடியானவர்களை உருவாக்குவதை நிறுத்துவதில்லை. படை ஒரு காதம் முன்னேறினால் வயலும் ஒரு காதம் முன்னேறும். பொற்சுரங்கம் என்றேனும் ஒரு நாள் தீர்ந்துவிடும் என்பதையும் அவர் அறிவார். அதன் பிறகு பொன் வருவதற்கு முதன்மையாக இரண்டு வழிகள்: தொலைவிலுள்ள சந்தைக்கு ஓடும் வணிக வண்டிகள்; மடாலயத்துக்குள் கொண்டு வைக்கப்பெற்ற புனிதப் பொருள்கள். இந்தப் புனிதப் பொருள் சும்மா இருந்தபடியே சொட்டுச் சொட்டாகப் பொன்னைச் சுரந்துகொண்டிருக்கும். கோயிலும் கருவூலமும் ஒன்றோடொன்று கொண்டிருந்த உறவை ஆட்டம் வகுத்தவர்கள் எப்படியோ மோப்பம் பிடித்திருக்கிறார்கள்!

2022இல் இவ்வாட்டத்துக்கு வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்னும் விரிவாக்கத்தில் திராவிடர் என்றொரு நாகரிகம் சேர்க்கப்பட்டது. முதலாம் இராஜேந்திரரின் படையெடுப்புகளை ஆடிப்பார்க்கும் வரிசையும் அதில் உண்டு. திராவிடரின் போர்க்கப்பலுக்குத் 'திரிசடை' என்று பெயர். அசோகவனத்தில் சீதைக்கு ஆறுதல் சொன்ன அந்த நல்லவளைக் கடற்போருக்கு அனுப்பியிருப்பது எனக்குச் சற்று வருத்தமே. அது கிடக்கட்டும். ஆட்டத்தில் இராஜேந்திரராக அமர்பவருக்குத் திரையின் மேல்விளிம்பில் நான்கு எண்கள் எப்போதும் ஒளிர்ந்துகொண்டிருக்கும்: உணவு இவ்வளவு, பொன் இவ்வளவு. உண்மையான இராஜேந்திரருக்கு அந்த எண்கள் எங்கே எழுதப்பட்டிருந்தன? அவற்றை யார் எழுதினார்கள்? எண் குறைந்தபோது யாருடைய வயலிலிருந்து அது நிரப்பப்பட்டது? இக்கட்டுரை இவ்வினாக்களைப் பற்றியது.

* * *

985இல் முடிசூடிய முதலாம் இராஜராஜர் முதல் 1044 வரை ஆண்ட முதலாம் இராஜேந்திரர் வரையிலான ஏறத்தாழ 60 ஆண்டுகளை எடுத்துக்கொள்வோம். காந்தளூர்ச்சாலை, பாண்டிநாடு, சேரநாடு, கங்கபாடி, நுளம்பபாடி, ஈழம், வேங்கி, கலிங்கம், மேலைச்சாளுக்கியரின் இரட்டபாடி, மாலத்தீவுகள், பின்னர் கங்கை, 1025இல் கடாரம். ஓய்வில்லாத போர். இவற்றையெல்லாம் மெய்க்கீர்த்திகள் வரிசைப்படுத்திப் பாடுகின்றன. ஆனால் மெய்க்கீர்த்தி முடிந்தபின் தொடங்கும் பகுதியை நம்மில் பலர் படிப்பதில்லை. 'இத்தனையாவது யாண்டு' என்பதற்குப் பிறகு வருவதெல்லாம் நெல்லும் காசும் ஆடும் நெய்யும் நிலமும்தான். கல்வெட்டின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

இராஜராஜரின் நில அளவை அவரது 16, 17ஆம் ஆட்சியாண்டுகளை ஒட்டி, அதாவது 1001ஐ ஒட்டி நடந்தது. கருதிப் பாருங்கள். ஈழத்தின் வடபகுதி கைக்கு வந்துவிட்டது. வேங்கியில் சோழர் கை ஓங்கிவிட்டது. மேலைச்சாளுக்கியரோடு பெரும்போர் நெருங்குகிறது. அந்நேரத்தில் நாடு முழுவதும் கோல் பிடித்து அளக்கிறார்கள். அளந்த அதிகாரிக்கு 'உலகளந்தான்' என்றே பட்டம். வேலி, மா, காணி, முந்திரி என்று இறங்கி, முந்திரிக்கும் கீழே கீழ்முந்திரி, கீழ்முந்திரியின் கீழ் என்று நூலிழை போன்ற பின்னங்கள் வரை கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. இத்தனை நுண்ணிய பின்னத்தை வயலில் கோல் கொண்டு அளந்திருக்க இயலாது. அது கணக்கர் ஓலையில் செய்த வகுத்தலின் விளைவே. எனினும் அந்த வகுத்தலைக் கைவிடாமல் கல்லில் வெட்டிவைத்த மனப்பான்மை ஒன்று இருக்கிறதே, அதுதான் பேரரசின் எலும்பு.

தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில், கோயிலுக்கு இறை செலுத்த வேண்டிய ஊர்களின் பட்டியலை நிதானமாகப் படித்துப் பார்க்கலாம். ஓர் ஊரின் மொத்தப் பரப்பு முதலில் சொல்லப்படும். அதிலிருந்து இறையிறாத நிலங்கள் கழிக்கப்படும்: ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. எஞ்சியது இவ்வளவு வேலி. அதற்கு இறை இவ்வளவு கலம் நெல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஊர் ஒன்று, அதன் சாதிப் பிரிவினையோடும் பிணம் சுட்ட இடத்தோடும், வரிக்கணக்கின் வழியாக நம் முன் எழுந்து நிற்கிறது. இலக்கியம் காட்டாத ஊர் இது. திணைப்பாடல்களில் மருதநிலம் உண்டு. வாய்க்காலுக்கு வரிவிலக்கு உண்டா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

இறை எவ்வளவு? இரண்டு சான்றுகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய வேந்தர் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு இராஜராஜர் தம் 21ஆம் ஆட்சியாண்டில் (1006) ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடுத்தார். பெரிய லெய்டன் செப்பேடுகளின்படி, சற்றேறக்குறைய 97 வேலிக்கு இறை 8,943 கலத்துச் சொச்சம் நெல். வகுத்தால் வேலிக்கு ஏறத்தாழ 92 கலம். தஞ்சைக் கோயிலின் 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்குத் தரப்பட்ட பங்கு, ஒருவருக்கு ஒரு வேலி. அதனால் வரும் நெல் 100 கலம். ஆக, காவிரிப்படுகையின் நல்ல நிலத்தில் வேலிக்கு 90 முதல் 100 கலம் வரை அரசுக்குரியதாக இருந்தது எனக் கொள்ளலாம். உழுதவன் வீட்டுக்கு எடுத்துச் சென்றது இதற்கு வெளியே உள்ள கணக்கு. அதை யாரும் கல்லில் வெட்டவில்லை.

* * *

இனிப் பொன்னுக்கு வருவோம். ஜார்ஜ் ஸ்பென்சர் என்னும் அமெரிக்க வரலாற்றாய்வாளர் 1976இல் எழுதிய கட்டுரையொன்றிலும், 1983இல் வெளியிட்ட நூலிலும், சோழர் படையெடுப்புகளைக் கொள்ளையின் அரசியல் என்று வாதிட்டார். நிலையான வரியமைப்பு வலுவற்றிருந்த அரசு, தன்னைச் சார்ந்தோரைத் தக்கவைத்துக்கொள்ளப் புறநாட்டுச் செல்வத்தை நாடியது என்பது அவர் கருத்து. நம் நண்பர்கள் சிலருக்கு இதைக் கேட்டவுடன் சினம் வரும். சினம் வேண்டியதில்லை; சான்றுகளைப் பார்ப்போம்.

சான்றுகள் அவர் பக்கம் கணிசமாகவே உள்ளன. சேரரையும் பாண்டியரையும் வென்று கைப்பற்றிய பண்டாரங்களிலிருந்து இராஜராஜேசுவரமுடையார்க்கு அளித்த பொற்பொருள்களை இராஜராஜரே மறைவின்றிக் கல்வெட்டில் சொல்கிறார். சத்தியாசிரயனை வென்று மீண்டபோது பொற்பூக்களை இறைவன் திருவடியில் இட்டதாகவும் சொல்கிறார். எதிர்த்தரப்பின் குரலையும் கேட்க வேண்டும். 1007ஆம் ஆண்டைச் சேர்ந்த ஹொட்டூர்க் கல்வெட்டு, சோழர் 9 இலட்சம் படையோடு வந்து நாட்டைச் சூறையாடிப் பெண்டிரையும் பிள்ளைகளையும் கொன்றதாகப் பழிக்கிறது. படைத்தொகை மிகை என்பது வெளிப்படை. துயரம் மிகையென்று தள்ள எனக்கு மனமில்லை. ஈழத்தின் சூளவம்சமும் விகாரங்கள் உடைக்கப்பட்டதையும் பொற்படிமங்கள் கவரப்பட்டதையும் பதிவு செய்திருக்கிறது. 1017இல் சிறைப்பட்ட ஐந்தாம் மகிந்தன் 12 ஆண்டுகள் சோழநாட்டிலேயே இருந்து இறந்தான்.

ஆனால் ஸ்பென்சரின் வாதம் ஓரிடத்தில் போதாமலிருக்கிறது. கொள்ளைப்பொன் வந்தது, சரி. வந்த பொன் என்னவாயிற்று? ஆட்டத்தில் பொன் வந்தவுடன் அடுத்த குதிரைப்படைக்குச் செலவாகிவிடும். வரலாற்றில் படையெடுத்த பலரும் அப்படித்தான் செய்தார்கள். சோழர் செய்தது வேறு.

இராஜராஜர் தம் 29ஆம் ஆட்சியாண்டு வரை தஞ்சைக் கோயிலுக்கு அளித்த பொன் 40,000 கழஞ்சுக்கு மேல் என்பது நீலகண்ட சாஸ்திரியாரின் கணக்கு. கழஞ்சு என்பதைச் சற்றேறக்குறைய 5 கிராம் என வைத்துக்கொண்டால் 200 கிலோ. ஒதுக்கப்பட்ட ஊர்களிலிருந்து ஆண்டுதோறும் வந்த நெல் ஏறத்தாழ 1,16,000 கலம். இதில் பெரும்பகுதி பூசைக்கும் அணிகலனுக்கும் ஊழியருக்கும் என்பது உண்மை. அதே நேரத்தில் குந்தவைப் பிராட்டியாரும் அரசமாதேவியரும் அதிகாரிகளும் தாம் எழுந்தருளுவித்த திருமேனிகளின் செலவுக்காகக் காசு வைத்தார்கள். அக்காசு பெட்டியில் உறங்கவில்லை. சோழநாட்டு ஊர்ச்சபைகளுக்குக் கடனாகக் கொடுக்கப்பட்டது. வட்டி, ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு. இன்றைய மொழியில் நூற்றுக்கு 12½. சில ஊர்கள் காசாகக் கட்டாமல் காசு ஒன்றுக்கு மூன்று குறுணி நெல்லாக அளந்தன. முதலைத் திருப்பித் தரவேண்டும் என்னும் கெடு இல்லை. வட்டி மட்டும் சந்திராதித்தவல், சூரிய சந்திரர் உள்ளவரை.

சபைகள் இப்பணத்தை என்ன செய்தன என்று கல்வெட்டுகள் வெளிப்படக் கூறவில்லை. எனினும் வட்டியை நெல்லாக அளக்கச் சம்மதிக்கும் சபை, அந்நெல்லை விளைவிக்கும் வகையில்தான் பணத்தை இட்டிருக்கும் என ஊகிப்பதில் தவறில்லை; ஏரி, வாய்க்கால், கரிசல் திருத்தல் என. ஆக, மலைநாட்டிலோ இரட்டபாடியிலோ வாளால் எடுக்கப்பட்ட பொன், கோயில் வழியாகக் காவிரிக்கரை வயலுக்குள் இறங்கி, ஆண்டுதோறும் நெல்லாகத் திரும்பி வந்தது. மடாலயத்துப் புனிதப் பொருள் சொட்டுச் சொட்டாகப் பொன் சுரப்பதாக ஆட்டத்தில் பார்த்தோமே, அதன் உண்மை வடிவம் இதுதான்.

ஆடுகளின் கணக்கும் இவ்வாறே. ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகள். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாவதும் மூப்பதும் இல்லை என்பது கல்வெட்டின் துணிவு. அதாவது மந்தை பெருகும், பெருகுவது இடையருடையது, குறைந்தால் அதுவும் இடையருடைய பாடு. வளர்ச்சி என்பதை முன்கூட்டியே கணக்கில் எழுதிவைத்த ஏற்பாடு இது. இடையருக்குக் கொள்ளைநோய் கண்ட ஆண்டில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்தால் உழக்கு நெய்யும் கனக்கிறது.

வென்ற நாடுகளும் வெறும் சூறைநிலமாக விடப்படவில்லை. தஞ்சைக் கோயிலுக்கு ஈழமான மும்முடிச்சோழமண்டலத்து ஊர்களிலிருந்து நெல்லும் காசும் இலுப்பைப்பாலும் வரவேண்டுமென எழுதியிருக்கிறது. கங்கபாடி, நுளம்பபாடி, மலைநாடு, பாண்டிநாட்டு ஊர்களும் அவ்வரிசையில் உண்டு. ஈழத்து இலுப்பை நெய் கடல் கடந்து தஞ்சை விளக்கில் எரிந்ததா, அல்லது எழுத்தோடு நின்றதா என்பதைக் கல்வெட்டைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. கட்டளைக்கும் வசூலுக்கும் இடையில் எப்போதும் ஒரு கடல் உண்டு.

* * *

இங்கு நிறுத்தினால் இது இன்னுமொரு சோழர் புகழ்மாலையாகிவிடும். உக்கல் கல்வெட்டைப் படிக்காமல் நிறுத்தக்கூடாது.

இராஜராஜரின் 24ஆம் ஆட்சியாண்டு, 124ஆம் நாளில் பிறந்த ஆணை அது. சோழநாடு, தொண்டைநாடு, பாண்டிநாடு ஆகியவற்றிலுள்ள பிராமணர், வைகானசர், சிரமணர் ஊர்களில், 16ஆம் ஆண்டு முதல் 23ஆம் ஆண்டு வரை இறை செலுத்தாது நின்ற காணியுடையாரின் நிலத்தை ஊரார் எடுத்து விற்றுக்கொள்ளலாம் என்பது சாரம். ஆண்டுகளைக் கவனியுங்கள். 16ஆம் ஆண்டு, நில அளவை தொடங்கும் காலம். 24ஆம் ஆண்டு என்றால் 1009 வாக்கில். சத்தியாசிரயனோடு நடந்த போருக்குப் பின், பெரியகோயிலின் பொற்குடம் ஏறுவதற்கு ஓராண்டுக்கு முன். ஏழெட்டு ஆண்டு நிலுவையோடு, தலைமுறையாக வந்த காணியை இழந்தவர்கள் அந்த ஊர்களில் இருந்திருக்கிறார்கள். புதிய அளவையால் உயர்ந்த இறையைக் கட்ட முடியாதவர்களா, கட்ட மறுத்தவர்களா, நிலத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போனவர்களா என்று ஆணை பிரித்துக் காட்டவில்லை. ஊரார் மொத்தமாக இறைக்குப் பொறுப்பு என்ற முறையில், ஒருவர் நிலுவை அடுத்த வீட்டார் தலையில் விழும். எனவே விற்கும் உரிமை ஊராருக்கு வரமாகவும் இருந்திருக்கும். வாங்கியவர் யார்? கையில் காசு வைத்திருந்தவர். போர்க்காலத்தில் கையில் காசு வைத்திருந்தவர் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

யானை தானே வயலில் புகுந்தால் வாய்க்குள் போவதைவிடக் காலடியில் அழிவது மிகுதி என்று அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் சொன்ன புறநானூற்றுப் பாட்டை வகுப்பில் பலமுறை நடத்தியிருக்கிறேன். உக்கல் கல்வெட்டைப் படித்த பிறகு அப்பாட்டை நடத்தும்போது குரல் சற்றுத் தாழ்ந்துவிடுகிறது. யானை இங்கே கட்டுப்பாடாகத்தான் உண்டது. அளந்து, எழுதி, கையொப்பமிட்டு உண்டது. அப்படி உண்டும் சிலர் வயல் போயிற்று.

கோயில் கருவூலத்தின் மறுபக்கத்தையும் ஒரு வரி சொல்ல வேண்டும். 1054 வாக்கில் தஞ்சைப் பகுதியின் ஆலங்குடியில் காலம் பொல்லாததாகி, ஊரில் பணமில்லாமல் போனது. சபையார் கோயில் பண்டாரத்திலிருந்து ஆயிரம் கழஞ்சுக்கு மேற்பட்ட பொன்னையும் வெள்ளியையும் கடனாகப் பெற்று நிலைமையைச் சமாளித்தனர். அதே 1054இல்தான் கொப்பத்துப் போரில் இராஜாதிராஜர் யானைமேலிருந்தபடியே உயிர்துறந்தார். இரண்டையும் காரண காரியமாக முடிச்சுப் போட நான் துணியமாட்டேன். ஆயினும், வடக்கே ஒரு மன்னர் விழுந்த ஆண்டில் தெற்கே ஓர் ஊர் சாமி நகையை வாங்கி உயிர்பிழைத்தது என்பதை ஒரே பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம் அல்லவா?

* * *

'சிவிலைசேஷன்' வரிசையின் ஐந்தாம் ஆட்டத்தில் (2010) கைப்பற்றும் ஒவ்வொரு நகரும் பேரரசின் மகிழ்ச்சியளவைக் கொஞ்சம் குறைத்துவிடும். ஓரெல்லைக்குமேல் வென்றால் வெற்றியே சுமையாகும். நிறுத்துமிடம் தெரிந்தவரே அங்கு நெடுநாள் நிற்பர்.

சோழரில் அந்த இடத்தைக் கண்டவர் 1070இல் அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கர் என்பது என் துணிபு. அதே 1070இல் முதலாம் விஜயபாகு பொலன்னறுவையை மீட்டார். சோழர் ஈழத்தை இழந்தனர். அதை மீட்டெடுக்கக் குலோத்துங்கர் தம் அரசின் முழுவலிமையையும் செலவிடவில்லை. கலிங்கத்தின்மேல் படை அனுப்பியவர்தாம், பரணியே பாடப்பெற்றவர்தாம். ஆனால் நாட்டுமக்கள் நினைவில் அவர் பெயர் 'சுங்கம் தவிர்த்த சோழன்'. 1077இல் சீனத்துக்கு அவர்காலத்தில் சென்ற தூதுக்குழுவில் 72 பேர் இருந்தனர். கொண்டுபோன காணிக்கைக்கு ஈடாக 81,800 சரம் செப்புக்காசு பெற்றுத் திரும்பினர் என்கின்றன சீனக் குறிப்புகள். காணிக்கை என்ற பெயரில் நடந்த வணிகம் அது. 1086இல் மீண்டும் நில அளவை நடந்தது. 1088இல் சுமத்ராவின் பரூஸ் பகுதியில் ஐந்நூற்றுவர் தமிழில் கல்வெட்டுப் பொறித்தனர். படை போன கடல்வழியில் இப்போது செட்டிகள் போய்க்கொண்டிருந்தார்கள்.

இன்னும் ஒன்று. ஆனைமங்கலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஸ்ரீவிஜயர் விகாரத்துக்காக இராஜராஜர் கொடுத்த ஊர். தந்தை சொல்லால் கொடுத்ததைச் செப்பேட்டில் ஏற்றி நிலைப்படுத்திய இராஜேந்திரரே 1025இல் அதே ஸ்ரீவிஜயத்தின்மேல் கப்பல்களை அனுப்பினார். அதன் மன்னனை யானையோடும் பெருஞ்செல்வத்தோடும் பிடித்தார். 65 ஆண்டுகள் கழித்து, 1090இல், கடாரத்து அரசனின் தூதர் இருவர், இராஜவித்யாதர சாமந்தனும் அபிமானோத்துங்க சாமந்தனும், ஆயிரத்தளி அரண்மனையில் குலோத்துங்கர் முன் வந்து நின்றார்கள். நாகப்பட்டினத்து விகாரங்களுக்குரிய பள்ளிச்சந்த ஊர்களின் வரிவிலக்கை மறுபடி எழுதித் தரவேண்டும் என்று கேட்டார்கள். சிறிய லெய்டன் செப்பேடுகள் அந்த விண்ணப்பத்தையும் அதற்குக் கிடைத்த இசைவையும் சொல்கின்றன. கடாரம் கொண்ட கதையை இருதரப்பும் அன்று எடுத்ததாகச் செப்பேட்டில் இல்லை. எந்தெந்த வரி தவிர்க்கப்படும், ஊர்களின் எல்லைகள் எவை என்பதைத்தான் கணக்கர் அமர்ந்து எழுதியிருக்கிறார்கள்.